பங்கருக்குள் ஒரு படையணி

பழைய பிளாஸ்டிக் சிப்பாய்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக் கூடாது, சேர். பலர் செய்யும் பிழை அது. அரை நூற்றாண்டு கண்ட பிளாஸ்டிக் பொரித்த அப்பளம் மாதிரி. தொட்டால் முதலில் சிப்பாய் பிடித்திருக்கும் துவக்கு முறியும், பிறகு கை. வெறுந்தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். உங்கள் ஆட்கள் என் பெட்டிகளைப் பொலிஸ் ஜீப்பில் குலுக்கிக்கொண்டு வந்த விதம்தான் மனதை உறுத்துகிறது. மற்றபடி என்னை மரியாதையாகவே நடத்துகிறீர்கள்.

எங்கள் எத்தாளைக் கிராமத்தில் தொன்மைப் பொம்மைப்படை மன்றத்தை ஆரம்பித்தவன் நான். நான் தலைவர், சிவகுரு உபதலைவர். அங்கத்தவர்கள் இன்னும் சேரவில்லை. சிவகுரு யுத்தகாலத்தில் வன்னியிலிருந்து மனைவி தவமலரோடு வந்து இங்கே ஹாட்வெயார் கடை போட்டவன். யுத்தம் முடியும்வரை நான் கொழும்பில் ஒரு கந்தோரில் கோப்புகளோடு மின்விசிறிக்குக் கீழே இருந்தேன். ஆனாலும் இராணுவ விடயங்களில் மன்றத்துக்குள் என் கருத்தே இறுதியானது. அவன் என்னை 'ஜெனரல்' என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை இருந்தது.

சிப்பாய்களை அடுக்கி வைத்து நான் எடுப்பவை வரலாற்றுப் படங்கள். அவன் எடுப்பவை கூத்து. ஒரு நண்டுக்கு முன்னால் சிப்பாய்களை வரிசையாகச் சரணடைய வைப்பான். சீலாக் கருவாட்டின் மேல் முழுப் படையணியையும் ஏற்றிவிட்டு 'தரையிறக்கம்' என்று எழுதுவான். உலகச் சேகரிப்பாளர்கள் கூடும் இணையக் குழுவில் அந்தக் கருவாட்டைத்தான் ஆண்டின் சிறந்த படமாகத் தெரிவு செய்தார்கள். என்னுடைய முற்றுகைப் படத்தின் கீழே ஒரேயொரு பிரேசில்காரர், பின்னால் தெரிவது பீற்றூட் இலையா என்று கேட்டிருந்தார். பீற்றூட் இலைதான். எனக்குப் பொறாமை வரவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் பங்கர் படம், அதாவது பதுங்குகுழிக்குள் ஒரு படையணி, எடுக்க நினைத்தேன். என் தோட்டத்தில் ஆளுயரக் குழி வெட்டினோம். சுவரில் படிபடியாகத் தட்டுகள் செதுக்கி, தட்டுக்குத் தட்டு சிப்பாய்கள். மேலிருந்து நான் எடுப்பேன். கீழே வெளிச்சம் போதாது என்பதால் ஒருவர் அடியில் முழங்காலில் இருந்து அலுமாரிக் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் மண் உங்களுக்குத் தெரியும். ஈரமாக இருந்தால் சுவர் மாதிரி நிற்கும், காய்ந்தால் சீனி மாதிரிக் கொட்டும். அதனால் கிணற்று வளையம் இறக்கக் குழி வெட்டும்போது பக்கத்தில் ஸ்பிரிங்ளர் தண்ணீர் தூவிக்கொண்டே இருக்கும். உள்ளே ஆள் நிற்கும்வரை மேலே நிற்பவன் மோட்டரை நிறுத்த மாட்டான். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும்.

"உண்மையான பங்கருக்குள்ள இருந்தே தப்பி வந்தனான் மச்சான்," என்று சிரித்துக்கொண்டு சிவகுரு குழிக்குள் இறங்கினான். "உன்ர பங்கர் என்ன செய்யும்? கெதியா எடு. தவமலர் புட்டவிச்சு வச்சிருக்கிறா."

ஸ்பிரிங்ளர் தூவல் கமரா வில்லையில் பட்டது. ஒவ்வொரு படத்திலும் புள்ளி புள்ளியாக வெள்ளை. ஈர மணலும் கறுப்பாகக் கிடந்தது. நான் போய் மோட்டரை நிறுத்தினேன். கச்சான் காற்று பலமாக அடித்தது. மணல் வெளுக்க வெளுக்க அழகு கூடியது.

"ஜெனரல், மண் கொட்டுப்படுது. மோட்டரைப் போடு."

"கொஞ்சம் பொறு. கண்ணாடியை இடப்பக்கம் திருப்பு."

"உன்ர படைக்கு ஒண்டும் நடக்காது. நான்தான்ரா சாகப் போறன்."

அப்போதும் அவன் குரலில் சிரிப்பு இருந்தது. அவன் எதையும் பாரதூரமாக எடுப்பதில்லை. அவனுடைய குறையே அதுதான். எழும்பப் பார்த்தான். அசைந்தால் தட்டுகள் உடையும் என்று நான் அதட்டினேன். தலைவர் சொன்னால் கேட்பான். மறுபடியும் முழங்காலில் இருந்தான்.

பிறகு ஒரு பக்கச் சுவர் சத்தமில்லாமல் இறங்கியது. நெஞ்சுவரை மூடிவிட்டது. நெஞ்சில் மணல் இறுகினால் மூச்சை விடலாம், திரும்ப இழுக்க முடியாது என்று உங்கள் வைத்தியர் சொன்னாராம். அவன் கதைக்காததன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு கையை மட்டும் மேலே நீட்டியிருந்தான். விழுந்த தட்டிலிருந்து பிடித்த ஒரு சிப்பாய் அதில் இருந்தது. வெளிச்சம் சரியாக அந்தக் கையில் விழுந்தது.

மண்வெட்டி என் காலடியில்தான் கிடந்தது. ஓம், கண்டேன்.

அந்த நேரம் பக்கத்து வெங்காயத் தோட்டத்து அன்ஸார் நானா வேலியடிக்கு வந்தார்.

"என்ன சேர், மோட்டர் நிண்டுட்டு?"

"கரண்ட் இல்ல நானா."

"எங்கட பக்கம் ஈக்கிதே."

"எங்கட பக்கம் இல்ல."

நான் குழிக்கும் அவருக்கும் நடுவில் நின்றிருந்தேன். கொஞ்சம் நகர்ந்திருந்தால் அந்தக் கை அவருக்குத் தெரிந்திருக்கும். கண்டிருந்தால் அவர் குழிக்குள் குதித்திருப்பார், படம் குழம்பியிருக்கும். அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் பள்ளிக்குப் போனார். நான் கமராவுக்குத் திரும்பினேன்.

தொழுதுவிட்டு வந்து எட்டிப் பார்த்தவரும் அவர்தான். கத்தினார், கையாலேயே தோண்டினார். அதற்குள் மற்றச் சுவரும் இறங்கியிருந்தது. கமராவில் உள்ளதையெல்லாம் நீங்கள் வரிசையாகப் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் மணல் சற்று உயர்ந்திருக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். வெளிச்சம் பார்த்தேன், சேர். அவனைத் தூக்க நேரம் இருந்ததா என்றால், இருந்தது. மோட்டரைப் போடவும் நேரம் இருந்தது. இரண்டையும் செய்ய வேண்டாம் என்று நினைத்துத்தான் செய்யவில்லை.

தவமலர் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். சிவகுரு மற்றவர்களைப் படம் எடுத்தானே தவிர, அவனுடைய நல்ல படம் ஒன்று அந்த வீட்டில் இல்லை. நீங்கள் அனுமதித்தால் கையை நீட்டும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு அவவுக்குக் கொடுக்க விரும்புகிறேன். பார்த்தால் சந்தோசப்படுவா. கலியாண மோதிரம்கூடத் துலக்கமாக விழுந்திருக்கிறது.