ஓரத்தில் இரண்டு கோடு

நாற்காலி நன்றாக இருக்கிறது. ஆடவில்லை. முப்பத்தோரு வருடம் ஆடாமல் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவன் நான். நாற்காலியைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் நம்பலாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான்களைப் படம் எடுப்பார்கள். அவற்றை மெல்லிய தகட்டில் அடைத்து, எலும்பே விறைக்கும் குளிரில், பெரிய காந்தத்துக்குள் வைத்தால் ஒரு வேடிக்கை காட்டும். நடுவில் இருப்பவை செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். ஓரத்தில் இருப்பவற்றுக்குச் சுற்ற இடமில்லை. சுவரில் முட்டி, எகிறி, மறுபடி முட்டி, ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். திரும்பி வராது. நடுவில் சுற்றுகிறவர்கள் நம் அதிகாரிகள், ஓரத்தில் முட்டிக்கொண்டு வேலையை நடத்துகிறவன் நான் என்று கேண்டீனில் சொல்வேன். அதிகாரிகளும் சிரிப்பார்கள்.

படம் எடுப்பது ஓர் ஊசி. அதைத் தகட்டில் படாமல் இறக்க வேண்டும். மோட்டார் வைத்தால் அதிரும். அதனால் ஓர் ஆள் காந்தம் இருக்கும் அறைக்குள் முக்காலியில் உட்கார்ந்து, கையால் திருகி, கடைசி வரை திருகைப் பிடித்துக்கொண்டிருப்பது வழக்கம். அந்த ஆள் நான். படம் ஓடும்போது லிஃப்ட் நிற்கும். காற்றை வெளியே தள்ளும் விசிறி நிற்கும். மூச்சுக்காற்று குறைந்தால் கத்தும் அலாரமும் நிற்கும். கதவு கிடுகிடுக்காமல் இருக்க வெளியே தாழ்ப்பாள். காந்தத்தைக் குளிர்விக்கும் வாயு அறைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே இருப்பவர் படத்தை நிறுத்தி விசிறியைப் போட வேண்டும். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அதிர்ந்தால் படத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். கோட்டைப் பார்த்தே நான் ஆளைச் சொல்வேன். காவலாளியின் தும்மல் நடுவில் தடித்திருக்கும். இயக்குநர் அம்மாவின் செருப்பு புள்ளி புள்ளியாக வரும். ஒருமுறை மூன்று தெரு தள்ளி ஒருவர் மனைவியிடம் அறை வாங்கியது விழுந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். கன்னம் வீங்கித்தான் இருந்தது.

எங்கள் விஞ்ஞானி என் ஒரே மகளின் கணவர். வீட்டில் மாமா என்பார். ஆய்வுக்கூடத்தில் ஆப்பரேட்டர் என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், அவர் சொன்ன அளவில் காந்தத்தை வைக்காமல் என் மனதுக்குப் பட்ட அளவில் வைத்தேன். வெளியே வந்து திரையைப் பார்த்தால், ஓரத்தில் ஒரு கோடு ஓட வேண்டிய இடத்தில் இரண்டு. நடுவே மயிரிழை இருட்டு. அவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த முதல் கண் என்னுடையது.

"மாப்பிள்ளை, இங்க பாருங்க. ரெண்டா ஓடுது."

மாணவர்கள் இருந்தார்கள். அதனால், "ஆப்பரேட்டர், உங்க கால் ஆடிருக்கு. ஒண்ணுதான் ரெண்டாத் தெரியுது" என்றார்.

"என் கால் ஆடினா குறுக்க விழும். இது நெடுக்க ஓடுது."

"வயசாச்சுல்ல? உங்களுக்கே தெரியாம ஆடும்."

படத்தை அழித்துவிட்டதாகச் சொன்னார். பதினான்கு மாதம் கழித்து அந்த இரண்டு கோடும் ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தன. உள்ளே அவர் படம். பாராட்டு விழாவில் யாரோ, இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்கள். குளிக்கும்போது வந்தது என்றார். மைக் வயரை யாரும் மிதிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

வீட்டில் மெதுவாகக் கேட்டேன். "மாப்பிள்ளை, அது நான் பார்த்ததுதானே?"

"பார்க்கிறது வேற, புரிஞ்சுக்கிறது வேற மாமா. பூனையும்தான் நிலாவைப் பார்க்குது."

என் மகள் சிரித்தாள். கோபம் வந்ததா என்கிறீர்கள். அன்றிலிருந்து ஈறில் ரத்தம் வரப் பல் தேய்த்தேன். ஐந்து மாதத்தில் ஒன்பது பிரஷ் தேய்ந்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

பத்திரிகையில் பார்த்த வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம். இன்னொரு முறை எடுத்துக் காட்டு என்றார்கள். தெருவில் சந்தடி குறைவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நாங்கள் இருவர் மட்டும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் பார்த்தேன்.

"நீங்க வேண்டாம் மாமா. இன்னைக்கு நான் உக்காந்துக்கறேன். நீங்க ஆடிருவீங்க."

"ஆட மாட்டேன்."

"இது விளையாட்டில்ல. படம் முழுசா வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. புரியுதா?"

புரிந்தது. தாழ்ப்பாள் போட்டேன். விசிறியை நிறுத்தினேன். அலாரத்தை நிறுத்தினேன். எல்லாம் வழக்கம்தான். பத்து நிமிடம் ஆனது. சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. படம் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தது. எதையும் தொடாதே என்றவர் அவர். தொடவில்லை.

பதினேழாவது நிமிடம் குறுக்கே முதல் கோடு விழுந்தது. முக்காலி சாய்ந்திருக்கிறது. இரண்டாவது, விரல் முட்டிகள். கதவின் கீழ்ப்பாதியில் தட்டியிருக்கிறார், ஆகவே எழுந்து நிற்க முடியவில்லை. மூன்றாவது குதிகால். கனமான கதவு, சத்தம் வராது. எனக்குச் சத்தம் தேவையுமில்லை. "யாரு மாப்பிள்ளை ஆடுறது?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

திருகிலிருந்து கையை எடுத்தால் படம் கெட்டுப்போகுமே என்பீர்கள். கெடாது. ஊசி இறங்கி நின்றபின் அதைப் பிடிக்கவே வேண்டாம். உள்ளே ஆளே வேண்டாம். முப்பத்தோரு வருடமாக இதை யாருக்கும் நான் சொல்லவில்லை, சொன்னால் எனக்கு வேலை இருந்திருக்காது. தலை சுற்றிய பிறகும் அவர் எழுந்திருக்காமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் உட்கார்ந்தார். அதை மறுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு படம் சுத்தமாக வந்தது. அடி வரை இரண்டு கோடு, நடுவே இருட்டு. முழுசாக வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. சேமித்தேன். விசிறியைப் போட்டேன். கதவைத் திறந்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மகள் இன்னும் பார்க்க வரவில்லை. கொஞ்ச நாள் கோபமாக இருப்பாள், பிறகு சரியாகிவிடும். வந்தால் அந்தப் படத்தை அவளிடம் காட்டுங்கள், அப்பா எதைப் பார்த்தார் என்று புரிந்துகொள்வாள். மேலே இருக்கும் அந்த மூன்று கோடுகளை மட்டும் வெட்டிவிட்டுக் காட்டுங்கள்.