மச்சினன் குடலில் ஒரு ஓட்டை

மந்தைவெளியில் தண்ணீருக்குப் படும் பாடு உங்களுக்கே தெரியும், இன்ஸ்பெக்டர். லாரி வந்த சத்தம் கேட்டால் பூஜையில் இருப்பவர்கூடக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தெரு எங்களுடையது. அப்படிப்பட்ட தெருவில், தீபாவளிக்கு முதல் நாள் தனியாக ஒரு லாரி வரவழைத்து, கொல்லைப்புற சிமெண்ட் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். என் மச்சினன் அம்பி முங்கிக் குளிப்பதற்காக. அவன்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்பி என் மனைவி விஜயலக்ஷ்மியின் தம்பி. பாங்கில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறான். சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதெல்லாம் கங்கா ஸ்நானமே இல்லை, மார்பு வரை தண்ணீரில் நிற்கவேண்டும் என்பது அவன் கட்சி. வருஷா வருஷம் தொட்டியில் இறங்கட்டுமா என்று கேட்பான். குடிக்கிற தண்ணீரில் இறங்காதே என்று விரட்டுவேன். இந்த வருஷம் நானே கூப்பிட்டு, "தாராளமா இறங்கிக்கோடா" என்றேன். விஜயலக்ஷ்மி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் அறுவை சிகிச்சை டாக்டர். கல்லூரியில் பாடமும் நடத்துகிறேன். வெடிவிபத்தில் வயிற்று உறுப்புகளுக்கு ஏற்படும் காயங்கள்தான் என் விசேஷத் துறை. எளிமையாகச் சொல்கிறேன். தண்ணீருக்குள் வெடி வெடித்தால் அதன் அழுத்தம் அலையாக வந்து வயிற்றில் மோதும். தோலில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் குடலுக்குள் காற்று இருக்கிறதல்லவா, அதனால் குடல் கிழியும். ஆள் சிரித்துக்கொண்டே கரையேறி, காபி குடித்து, பேப்பர் படித்துவிட்டு, மறுநாள்தான் சுருண்டு விழுவான். எவ்வளவு அழகான விஷயம் பாருங்கள். பல வருஷமாக இதைப் பற்றிப் பேசிவருகிறேன். ஒரே ஒரு குறை, அப்படி ஒரு நோயாளியை நான் பார்த்ததே இல்லை.

இந்தக் குறையை ஊருக்கெல்லாம் சொன்னவர் டாக்டர் தணிகாசலம். அடையாறில் இருக்கிறார், அவரும் என் துறைதான். எந்த மாநாடானாலும் நான் ஸ்லைடு போட்டு முடித்ததும் கையைத் தூக்குவார். "ராஜகோபாலன், ஒரு கேஸாவது கண்ணால பாத்திருக்கீங்களா?" அரங்கமே சிரிக்கும். தி.நகரில் நடந்த மாநாட்டில், சாப்பாட்டுக்காகக் கூட வந்திருந்த என் மனைவியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தால் அம்பி, "வெளில ஒண்ணுமே இல்லாம உள்ள மட்டும் எப்படி அத்திம்பேர் கிழியும்? நீங்க கதை விடறேள்" என்றான். அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஒரு கேஸ் தேவைப்பட்டது. ஊர்பேர் தெரியாத ஒருவருக்குக் கெடுதல் செய்ய எனக்கு மனம் வராது. வீட்டு மனிதன் என்றால் கூடவே இருந்து கவனித்துக்கொள்ளலாம். தவிர, அம்பியின் வயிறு பாடப் புத்தகத்துக்கென்றே அமைந்த வயிறு.

கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு வெடி வைக்கும் மாஸ்டர் ஒருவருக்கு நான் மூல ஆபரேஷன் செய்திருந்தேன். நன்றியுள்ள மனிதர். ஏரிக்குள் வெடிக்கிற சீனுக்கு வைப்பது மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். பேரப்பிள்ளைக்கா என்றார். மச்சினனுக்கு என்றேன். "குடுத்துவெச்ச மச்சான் சார்" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

தீபாவளியன்று விடியும்போது அம்பி எண்ணெய் தேய்த்துக்கொண்டு தொட்டியில் இறங்கினான். வெடித்தது. தண்ணீர் மாடி உயரத்துக்கு எழும்பியது. தெரு முழுக்க வெடித்துக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்பி முகத்தை வழித்துக்கொண்டு, "என்ன அத்திம்பேர், இந்த வருஷம் கங்கைக்கு இத்தனை கோபம்?" என்றான். தொட்டியில் விரிசல் இல்லை. அவன் உடம்பில் சிராய்ப்பு இல்லை. எல்லாம் நான் இத்தனை நாள் சொல்லிவந்தபடியே இருந்தது.

மத்தியானம் வலி ஆரம்பித்தது. தீபாவளியன்று வயிறு வலித்தால் எங்கள் வீடுகளில் ஒரே காரணம் பட்சணம், ஒரே மருந்து லேகியம். "கார்த்தாலேர்ந்து அரைச்சுண்டே இருந்தா வலிக்காம என்ன பண்ணும்?" என்று விஜயலக்ஷ்மி ஒரு உருண்டை கொடுத்தாள். வலி கூடியது, உருண்டையும் பெரிதானது. எதிர்வீட்டு லேகியமும் வந்தது. நான் குறுக்கிடவில்லை. நோய் தன் போக்கில் போகவேண்டும், நடுவில் புகுந்து கெடுப்பது ஆராய்ச்சி ஆகாது. குடல் கிழிந்தால் வயிறு பலகை மாதிரி இறுகிவிடும்; அவ்வப்போது போய் அமுக்கிப் பார்த்து, இன்னும் ஆகவில்லையே என்று திரும்பி வந்தேன். சாயங்காலம் அம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்திம்பேர், நான் பொழைச்சுப்பேனா?" என்று கேட்டான். அப்போது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. தலைக்கு இன்னொரு தலையணை வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வயிறு பலகையானது. நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், நானே ஆபரேஷன் செய்தேன். சிறுகுடலில் ஓட்டை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் ஃப்ளோரா என் கண்களைத் துடைத்துவிட்டு, "மச்சான் மேல இவ்ளோ பாசமா டாக்டர்" என்றார். ஓட்டையைத் தைத்தேன், அம்பி பிழைத்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாநாட்டில் அந்த ஓட்டையின் படத்தைப் போட்டுவிட்டுக் கைதட்டலுக்காக நின்றேன். தணிகாசலம் எழுந்தார். "டைபாய்டு" என்றார். "காய்ச்சலைக் கவனிக்காம விட்டா மூணாவது வாரம் குடல் இப்படித்தான் பொத்துக்கும். மெட்ராஸ்ல தெனம் பாக்கறோம்." அரங்கம் தலையாட்டியது. வெடி வெடித்ததற்குச் சாட்சி உண்டா என்று வேறு கேட்டார். தீபாவளியன்று வெடி வெடித்ததற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? அம்பியோ, லேகியம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று மயிலாப்பூர் வரை சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அதனால்தான் நானே தேடி வந்தேன். வெடியை வைத்தது நான்தான். எந்த செக்‌ஷன் வேண்டுமானாலும் போடுங்கள். வெடியால்தான் குடல் கிழிந்தது என்று கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டால் தணிகாசலம் வாயை மூடித்தானே ஆகவேண்டும்.

உங்கள் ஏட்டு கபாலி கோடம்பாக்கம் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னது என் காதிலும் விழுந்தது. "சார், அது சும்மா தண்ணி எகிர்றதுக்கு வெக்கிற மருந்தாம். ஹீரோவே பக்கத்துல நின்னுக்கினு இருப்பாராம். கொசு கூட சாவாதுன்றான் சார்." வெடி மாஸ்டருக்கு மருத்துவம் தெரியாது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கடைசியாக, அம்பிக்குத் தீபாவளிக்கு முன்னால் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. மூன்று வாரமாக, விட்டுவிட்டு வந்தது. ரத்தம் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று விஜயலக்ஷ்மி நச்சரித்தாள். சாதாரணக் காய்ச்சல்தான், கஞ்சி கொடு போதும் என்று நான்தான் தடுத்தேன். நீங்களே யோசித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். பரிசோதித்து, டைபாய்டு என்று வந்து, அவனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டால், தீபாவளிக்குத் தொட்டியில் யார் இறங்குவது?