ஒன்றேகால் முழம்

பசை காய ஒரு முழு நாள் ஆகும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. ஒடிந்த தூண்டில் கழியை ஒட்டிவிட்டு, காய்ந்ததா காய்ந்ததா என்று மணிக்கொரு தரம் தொட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒட்டியது எதுவும் நிற்காது. நான் அந்த ரகம் இல்லை. ஒட்டினேன், சுவரோரம் சாய்த்தேன், வேலைக்குப் போய்விட்டேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன், சார். உள்ளே நீங்கள் என் கணவரிடம் கேட்டதும் அவர் சொன்னதும் காதில் விழுந்தது. அதனால்தான் எழுந்து வந்தேன். சலூன்காரர் செத்துப்போனதற்கு அவர் காரணம் இல்லை. எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமானால் கூப்பிடுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் பட்டறையில் எனக்கு இருபத்தேழு வருட வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவி எடுத்து, புதிதாகச் சுற்றுவது. ஒரு சுற்று தப்பினாலும் மோட்டார் காட்டிக்கொடுத்துவிடும். என் கணவருக்கு பல்ப் மாட்டத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். ஃபேன், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, எது கெட்டாலும் அவரிடம்தான் வரும். "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கி வந்து சமையல் மேடையில் வைப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவேன். மறுநாள் அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வருவார்.

ஒருமுறை கேட்டேன், நான் செய்தேன் என்று சொன்னால் என்ன என்று.

"பொம்பள பண்ணான்னா எவன் நம்புவான்? உனக்காகத்தான் சொல்றேன், நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போனா பேரு என் தலைல விழட்டும்" என்றார். எவ்வளவு பெரிய மனது பாருங்கள். இன்றைக்கு ஒன்று கெட்டது, உங்களிடம் அவர் பேரை யார் தலையில் போட்டார் என்பதும் காதில் விழுந்ததே.

போன மாதம் தொழிற்பயிற்சிப் பள்ளியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. மாலை வகுப்பில் பழுதுபார்க்கும் வேலையைச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர் அன்றே சம்மதம் எழுதிப் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு நோட்டை என் முன்னால் வைத்தார்.

"நீ எழுதிக் குடு. நான் பேசிக்கறேன்."

"நானே வரட்டுமா?" என்றேன்.

"நீ அங்க வந்து என்ன பண்ணப் போற?"

உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது. கேலி செய்திருந்தால் கூடப் பொறுத்திருப்பேன்.

அதே வாரம் காரின் பின்கதவை அறைந்து சாத்தித் தன் தூண்டிலை நசுக்கிக்கொண்டு வந்தார். ஒன்றோடொன்று செருகும் மூன்று துண்டுகள் உள்ள கழி. நடுத்துண்டு பிளந்து நாராகிக் கிடந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெடியாகணும்" என்று மேடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அவர் மீன் பிடிக்கும் இடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மடு நல்ல ஆழம். ஆனால் கரைக்கு மேலே உயரழுத்த மின்கம்பி தொங்குவதால் மற்றவர்கள் அங்கே நிற்பதில்லை. அவர் நிற்பார். கழியை நிமிர்த்திக் காட்டி, "பாத்தீங்களா, கம்பிக்கு ஒரு முழம் கீழதான் நிக்குது. கண்ண மூடிட்டு வீசுவேன்" என்று எல்லாரிடமும் சொல்லுவார். அது நிஜம்தான். அண்ணாந்து பார்க்காமலே வீசுவார். சாப்பாடு கொண்டுபோகும் போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

நசுங்கிய பகுதியை அறுத்து எடுத்தேன். எடுத்ததற்கு ஈடாக, பரணில் கிடந்த பழைய கழியிலிருந்து ஒரு துண்டு வெட்டினேன். உள்ளே மெல்லிய குழாய் செருகி, பசை பூசி, இரண்டு முனையிலும் பட்டு நூல் சுற்றினேன். பட்டறைச் சுற்று, நூலுக்கு நூல் இடைவெளி தெரியாது. அதன் மேல் மூன்று பூச்சு வார்னிஷ். எடுத்தது ஒரு சாண். வைத்தது அதைவிட ஒன்றேகால் முழம் அதிகம். அளவு தவறவில்லை, சார். நான் அளவு தவறுகிறவள் இல்லை.

பழையது, புதியது இரண்டுமே கறுப்புக் கழி, கார்பன். மின்சாரம் அதில் நன்றாகப் பாயும். இது எனக்குப் பட்டறையில் வந்த அறிவு. கைப்பிடியின் மேல் மின்கம்பிப் படம் போட்ட எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. அழுக்கேறி மங்கியிருந்ததை ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை என்பதற்கு அதுவே போதும்.

ஞாயிறு காலை அவர் கழியைப் பையில் போட்டார். நடுத்துண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இது ஏன் இப்படி நிக்குது?"

"ஒட்டு போட்டா அப்படித்தான்."

"ஆமா ஆமா, தெரியும்" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் உட்காரவைத்து விளக்கியிருப்பேன்.

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு போனேன். வழக்கம்தான், வேறொன்றும் இல்லை. மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் முதல் வீச்சு வீசுவார், அதனால் கழி இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. நண்பர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சலூன்காரர் கையில் இருந்தது. நல்ல மனிதர், இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அவர் நூல் சுற்றைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். என் வேலையை ஒருவர் அப்படித் தடவிப் பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"யாருண்ணே சுத்தினது? மெஷின்ல சுத்தின மாதிரி இருக்கு."

என் கணவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நான்கு பேர் நின்றார்கள். ஒரு வார்த்தை போதும். அவள்தான் என்று சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கழியைக் கீழே போடுங்கள் என்று நானே கத்தியிருப்பேன்.

"எங்க வீட்ல வேற யாருக்கு இந்த வேல தெரியும்? நான்தான்" என்றார்.

"நீளம் கூடின மாதிரி இருக்கேண்ணே?"

"வேணும்னுதான் கூட்டினேன். தூரமாப் போய் விழும்ல."

அதைத்தான் அந்த மூன்று பேரும் உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்தான் அப்படிச் சொன்னார்.

"ஒரே ஒரு வீச்சு குடுங்கண்ணே" என்று சலூன்காரர் கேட்டார். "என் இடத்துல நின்னு வீசு, அதான் ராசி" என்று இவர் கை காட்டினார். சலூன்காரர் கரையில் குந்தி, புழுவை எடுத்து முள்ளில் கோர்த்தார். அது நழுவியது. வேறொன்றை எடுத்தார். அவ்வளவு நேரம் இருந்தது, சார். நான் தூக்கைத் திறந்து தட்டில் சோறு போட்டேன். கரண்டியிலிருந்து ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. சலூன்காரர் எழுந்து நின்றார், கழியை நிமிர்த்தினார். நான் வாயைத் திறக்கவில்லை.

கொல்ல நினைத்தாயா என்று கேட்பீர்கள். சலூன்காரரை நினைக்கவில்லை. என் கணவரை நினைத்தேன். ஒன்றேகால் முழம் கூட்டி வெட்டும்போதே நினைத்தேன், காய வைத்தபோதும் நினைத்தேன். ஆள் மாறிப்போனது. மாறியது தெரிந்தும் சும்மா இருந்தேன். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இன்றைக்கு உள்ளே அவர் அழுதுகொண்டே சொன்னார்: "நான் தொடவே இல்ல சார். எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லா வேலையும் அவதான் பண்ணுவா. இருபத்தாறு வருஷமா அவதான் பண்றா." நீங்கள் சிரித்தீர்கள். பொண்டாட்டி மேல பழி போடறியா என்று கேட்டீர்கள். அவர் வாயிலிருந்து ஒரு உண்மை வர இருபத்தாறு வருடம் ஆனது. அதைப் போய் நம்பாமல் விட்டுவிட்டீர்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்தக் கழி உங்கள் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். நுனி கருகிவிட்டது, கைப்பிடி வெடித்துப் பிளந்துவிட்டது. நான் போட்ட ஒட்டு மட்டும் அசையவில்லை.

பேருக்கு ஆசைப்பட்டு நான் இதைச் சொல்லவில்லை, சார். ஆனால் பழுது பார்த்தவர் என்று எழுதும் இடத்தில் இன்னாருடைய மனைவி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் முழுப் பெயரையும் எழுதுங்கள், நான் எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்.