சாயம் போகாத செவப்பு

…முட்டி வரைக்கும் செவப்புங்கறேன்! கேக்குறியாம்மா? நிச்சயத்தன்னிக்கு. வந்த சனமெல்லாம் சுத்தி உக்காந்திருக்கு, மாப்பிள்ளைன்னு என் பையன் அலிதோத் நடுவுல உக்காந்திருக்கான். அடுப்புச் சூட்டுல கால் வேகுதுன்னு கம்பளிக் காலுறை, அந்த ஜுராப்பக் கழட்டுறான்… ரெண்டு காலும் பீட்ரூட்ட வேகவச்சு எடுத்த மாதிரி இருக்கு! யாரோ ஒருத்தி, “மாப்பிள்ளைக்குக் கால்லயா மருதாணி வச்சீங்க?”ன்னா. அவ்ளோதான். சிரிப்பு அடங்கவே இல்ல.

கையக் குடு. ரெண்டு கையும். இப்படி நீட்டு… ஆங், கட்டைவிரல விரிச்சு வை. இந்த நூல் சிட்டத்த மாட்டிக்கிறேன், நீ சும்மாதானே இருக்க. மலை மேலேருந்து மண்ணு சரிஞ்சு ரோட்டுல கெடக்கு, புல்டோசர் வந்து தள்ளுற வரைக்கும் ஜீப் நகராதுன்னுட்டான் டிரைவர் தம்பி. வெறுங்கையோட உக்காந்திருக்க என்னால ஆகாது. நீ பிடிச்சுக்கோ, நான் உருண்டையா சுத்திடறேன். ஜன்னலா? அது மூடாதும்மா. கைப்பிடி எப்பவோ கழண்டு போச்சு. சாரல் அடிச்சா அடிக்கட்டும், உன் கையிலதானே விழுது. நூலப் பத்திக் கவலப்படாத. வீட்டுல போட்ட சாயம், மஞ்சிட்டி வேரு. மழைக்கெல்லாம் அசையாது.

எங்க விட்டேன்… ஜுராப்பு. பொண்ணு பேரு சவ்சன். பாலத்தத் தாண்டினதும் ஆப்ரிகாட் மரமா நிக்குமே, அந்த வீடு. மாப்பிள்ளை வீட்டுலேருந்து கம்பளி நூல் போகணும், அத அவ பின்னி மாப்பிள்ளைக்குப் போட்டு விடணும். வழக்கம் அதானே? நான் அனுப்புனது என்ன நூலு தெரியுமா! எங்க ஆடு. நானே கத்தரிச்சேன், நானே நூத்தேன், நானே சாயம் போட்டேன். அலசுறப்ப வாய்க்காலே செவப்பா ஓடுச்சும்மா, அவ்ளோ சத்துள்ள வேரு! அவ என்ன பண்ணியிருக்கா? அந்த நல்ல நூல எடுத்து உள்ள வச்சுக்கிட்டு, கோரோக் டவுன் பஜார்ல விக்குமே பொடிச் சாயம் போட்ட நூலு, அத வாங்கிப் பின்னிட்டா. வேற எப்படிம்மா கால்ல ஒட்டும்? அதத்தான் கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். என்ன, எல்லாரும் இருக்கும்போது கேட்டுட்டேன்.

“எங்க நூல மாத்திட்டியா?”ன்னேன். திருடின்னு சொல்லல. சொன்னேனா? நீயே சொல்லு. அவங்க அம்மாதான் அப்படி எடுத்துக்கிட்டுக் கத்துனா. சவ்சன் வாயே தொறக்கல. என்னையே பாத்தா. அந்தப் பார்வை இருக்கே… சரி விடு. கைய மேல தூக்கு, நூல் தொங்குது பாரு.

பின்னல்ல குத்தம் சொல்ல முடியாதும்மா, அதான் எனக்கு ஆத்திரமே! கால்விரல்ல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் ஆட்டுக்கொம்புக் கோலம் வச்சிருக்கா, ஒரு கண்ணி பெசகல. என் மூத்த மருமக லோலாவும் பின்றாளே… ஒரு கால் ஒரு ஊருக்கும் இன்னொரு கால் இன்னொரு ஊருக்கும் கெளம்பி நிக்கும்.

லோலாவப் பத்திப் பேசுனா பொழுது பத்தாது. சாயம் போட்ட அன்னிக்கே பாரேன். இருட்டோட எந்திரிச்சு ரெண்டு அடுப்ப மூட்டறேன். ஒண்ணுல கம்பளிக்கு அண்டா, ஒண்ணுல பால் டீ. ரெண்டையும் நான்தான் பாக்கறேன், என் சாமானத் தொட எவளையும் விடறதில்ல. சாயத்துக்கு மொதல்ல கம்பளியப் படிகாரத் தண்ணியில கொதிக்க வைக்கணும்ல, அது இல்லேன்னா கலரு பிடிக்கவே பிடிக்காது… அதையும் பாத்துப் பாத்துப் போட்டேன். நம்ம பக்கத்து வழக்கப்படி டீக்கு உப்பப் போட்டேன், வெண்ணெயப் போட்டேன், எல்லாருக்கும் ஊத்தி வச்சேன். டீயா அது? பாலு திரிஞ்சு கட்டி கட்டியா மெதக்குது! எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் குடிச்சார், கன்னம் ரெண்டும் உள்ள போயிடுச்சு. பிஞ்சுக் காயக் கடிச்சாப்ல நாக்கு இழுத்துக்கிச்சாம். கறந்தது யாரு? லோலா. பாத்திரத்தக் கழுவியிருக்க மாட்டா. கேட்டா, “ரெண்டு தடவ கழுவினேன் அத்தே”ன்னு அழறா. அப்ப மாட்டோட குத்தம்தானே? மறுநாளே அத என் தங்கச்சி வீட்டுக்கு ஓட்டி விட்டேன். அங்க போயி பாலு நல்லாத்தான் குடுக்குதாம். நம்ம வீட்டுலன்னா மாடு கூட சேந்து சதி பண்ணுது.

கை வலிக்குதா? இன்னும் கொஞ்சம்தான். பொறுத்துக்கோ.

இன்னிக்கு ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் சவ்சன் வீட்டுல கூடுறாங்க. அதுக்குத்தான் போறேன். உன் கையில இருக்கே, அதே அண்டா, அதே வேரு, அனுப்புனது போக மிச்சம் வச்ச சிட்டம். எல்லார் முன்னாடியும் தண்ணியில போட்டுப் பிழிஞ்சு காட்டுறேன். சொட்டுச் சாயம் எறங்கலேன்னா அவ நூல மாத்தினது உறுதி. நிச்சயம் முறிஞ்சிடும்.

அலிதோத்தா… அவன் எங்கிட்டப் பேசறதில்ல. சாப்பிடறதில்ல. அந்த ஜுராப்ப மட்டும் கழட்ட மாட்டேங்கறான்! அதோட தூங்குறான். விரிப்பெல்லாம் செவப்பு. “அவ அப்படிச் செய்ய மாட்டாம்மா”ங்கறான். நிச்சயம் முறிஞ்சா வேலைக்குன்னு மாஸ்கோ போயிடுவானாம். அங்க போனவன்ல எவன் ஒழுங்காத் திரும்பி வந்தான், சொல்லு? கடைசிப் புள்ளம்மா அவன். ராத்திரியில எந்திரிச்சு அவன் படுத்திருக்கானான்னு பாத்துட்டு வந்து படுக்கறேன். பயமாத்தான் இருக்கு. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? நாம கம்பளி குடுத்துட்டு ஏமாந்து நிக்கறதா?

ஆங்… கடைசிச் சுத்து. ஆச்சு. கைய எடுத்துக்கோ, நல்ல பொண்ணு நீ, குறுக்கப் பேசாம—

என்னம்மா இது? வரும்போதே மருதாணி வச்சிருந்தியா?

இல்லியா? அப்ப காலையில பீட்ரூட்டு நறுக்கியிருப்ப… அதுவும் இல்லியா… என் விரலப் பாக்காத, சாயம் போடறவ கை எப்பவும் இப்படித்தான். உன் கையக் காட்டு. மணிக்கட்டு வரைக்கும்… இரு, இந்தத் துணியில தேய். நல்லா தேய்.

துணியும் செவந்துடுச்சு.

இல்ல… வேரு நல்ல வேரு. நானே தோண்டுனது. தண்ணி எங்க வாய்க்கால் தண்ணி. படிகாரம் அந்தத் துணி முடிச்சுலேருந்துதான் எடுத்தேன். ரெண்டு முடிச்சு, ஒண்ணுல உப்பு, ஒண்ணுல படிகாரம். ரெண்டும் வெள்ளக் கட்டி. பக்கத்துப் பக்கத்துலதான் தொங்கும். இருட்டா இருந்துச்சு. ஆனா எனக்குத் தெரியாதா எது எதுன்னு…

டீ.

பாலு திரிஞ்சுது. நாக்கு இழுத்துக்கிச்சுன்னார்.

அய்யோ, என் மாடு!

…லோலா வேற அழுதா. ரெண்டு தடவ கழுவினேன்னா. கழுவித்தான் இருப்பா.

புல்டோசர் சத்தம் கேக்குது. வண்டியக் கெளப்புறான். இந்த உருண்டைய அப்படியே ஜன்னல் வழியா கீழ ஓடுற ஆத்துல விட்டெறிஞ்சா யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும். பேசாம உக்காந்து கேக்கறவங்கள நம்பவே கூடாது.

ஏம்மா… உன் கையில இத்தன நேரத்துக்கே இப்படி ஒட்டுச்சுன்னா, அவ அத வச்சுத்தானே ரெண்டு காலுக்கும் பின்னியிருக்கா? வேர்த்த கையோட. அவ விரலெல்லாம் செவந்திருக்கும். அப்பவே தெரிஞ்சிருக்கும் அவளுக்கு. அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி, “அத்தே, இது நீங்க போட்ட சாயம்தான்”னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், சனம் என்னப் பாத்துல்ல சிரிச்சிருக்கும்? சொல்லலியே. அவங்க அம்மாகிட்டக் கூட சொல்லல. என்னையே பாத்துக்கிட்டு நின்னாளே…

மூக்கு ஒழுகுது, அந்தத் துணியக் குடு. செவப்பா இருந்தா என்ன, குடு.

தம்பி, பாலத்துக்கிட்ட நிறுத்து! ரெண்டு பேரு எறங்கறோம். ஆமா, நீயும்தான். கோரோக்குக்குப் பொழுதுக்குள்ள வேற வண்டி வரும், நானே ஏத்தி விடறேன். அவங்க வீட்டு டீ நல்லா இருக்கும்மா, உப்புத்தான் போடுவாங்க. எனக்கு அங்க போனா பேச்சு வராது. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், சவ்சன் முன்னாடி போயி அந்த ரெண்டு கையையும் நீட்டு, போதும். அது வரைக்கும் கழுவிடாத.