மூணு காப்பி, கெட்டி அட்டை

...இல்ல, நான் கேக்கறேன், ஒரு குண்டூசி வித்திருப்பாராம்மா அந்த மனுஷன்? உங்க வாத்தியாரைத்தான் சொல்றேன்! தொழில் தொடங்கறது எப்படின்னு பாடம் எடுக்கறாரே, அவரை. மாசம் பொறந்தா சம்பளம் வந்து விழுது. "ரிஸ்க் எடுங்க, ரிஸ்க் எடுங்க"ன்னு உங்களைப் பார்த்துக் கத்தறார். அன்னிக்கி இங்க ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ரெண்டு பக்கமும் அடிக்கட்டுமா சார்னேன். அரண்டு போயிட்டார்! "வேணாம்மா, தப்பாயிடுச்சுன்னா?"ங்கறார். இவரு கத்துக்குடுக்கறாராம் ரிஸ்க்கு!

குடு, பென் டிரைவைக் குடு. பிசினஸ் பிளான்தானே? மூணு காப்பி, கெட்டி அட்டை... தெரியும், தெரியும். ஸ்டூல்ல இருக்கற பேப்பர் கட்டைக் கீழ வச்சுட்டு உக்காரு. மெஷின் சூடாகணும். புது மெஷின் இல்லையா, அதுக்கு மனசு வந்தாத்தான் வேலை செய்யும்.

பதினோரு வருஷமா உங்க பிளானையெல்லாம் பைண்டு போடறேன். பக்கம் சரியா இருக்கான்னு புரட்டணும்ல, அப்படியே படிச்சுடுவேன். முதல் பக்கம் "எங்கள் கனவு". அடுத்தது ஒரு மலை, உச்சியில ஒருத்தன் கையைத் தூக்கிட்டு நிப்பான். எல்லாப் பிளான்லயும் அதே ஆளு! அவனுக்குக் கை வலிக்காதா? அப்புறம் ஆப். நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போக ஆப், செடிக்குத் தண்ணி ஊத்த ஞாபகப்படுத்த ஆப்... கடைசில "போட்டியாளர்கள்"னு ஒரு பக்கம். "யாரும் இல்லை"ன்னு போட்டிருக்கும். வாங்கறதுக்கும் யாரும் இல்லைங்கறதை மட்டும் எழுத மாட்டாங்க.

உன்னுது என்ன ஆப்பு? ...ஐயோ, மூஞ்சியைத் தூக்காதே கண்ணு, பொதுவாச் சொன்னேன்.

போன வருஷம் ஒருத்தி வந்தா. குட்டைமுடிக்காரி. உனக்கு ஒரு வருஷம் மூத்தவளா இருப்பா. கையில நோட்டு. "இந்தத் தொழில்ல உங்க பெயின் பாயிண்ட் என்ன ஆன்ட்டி?"ன்னா. இடுப்புன்னேன். அதையும் எழுதிக்கிட்டா! அப்புறம் கேட்டா பாரு, கேட்டுக்கிட்டே இருந்தா. என்கிட்ட யாரும்மா அப்படி உக்காந்து கேட்டிருக்காங்க? நான் வாயைத் தொறந்தா எங்க வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இவ தலையாட்டித் தலையாட்டி எழுதறா. கொட்டிட்டேன். எல்லாரும் கடைசி நாள்லதான் ஓடி வருவாங்க, அதனால அட்டையை முன்னாடியே வெட்டி வை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கடை போடாதே, உங்க காலேஜ் லைப்ரரி படிக்கட்டுக்குப் பக்கத்துல போடு. எல்லாம் நான் சொன்னதும்மா!

அவ எழுதிட்டு வந்ததைப் பார்த்தா... ஆப்! தூக்கிப் போடு, ஜெராக்ஸ் கடைன்னே எழுதுன்னேன். மலைமேல நிக்கறவனையும் இறக்கி விடுன்னேன். போட்டியாளர்னு என் கடையைப் போடுடின்னு நானே சொன்னேன், நானே! தங்க எழுத்துல பேர் அடிச்சு ஓசில பைண்டும் போட்டுக் குடுத்தேன்.

காலேஜ் பிளான் போட்டியில அவளுக்குத்தான் முதல் பரிசு. உங்க வாத்தியார் கை தட்டினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. பரிசு என்ன? லைப்ரரிக்குக் கீழ ஒரு ரூம், கடை வச்சுக்கோன்னு. மெஷினுக்கு என்ன பண்றதுன்னு என்கிட்டயே வந்து நின்னா. புதுசு வாங்கி ஏமாந்துடப் போறாளேன்னு, நல்லா ஓடிட்டிருந்த என் பழசைத் தூக்கிக் குடுத்தேன். எனக்கா? எனக்கு இந்த மகாராணி.

முன்னெல்லாம் இந்த வாரத்துல வரிசை பஸ் ஸ்டாப் வரைக்கும் நிக்கும். நாளைக்குக் கடைசித் தேதி, இன்னிக்குக் காலையிலேர்ந்து நீதான் முதல் ஆளு. அடுத்த மாசம் கடையை மூடிடலாமாங்கறார் வீட்டுக்காரர். வயித்தெரிச்சல்தான், பொய் சொல்லுவானேன்? ஆனா அந்தப் பொண்ணு மேல கோவம் வரமாட்டேங்குது. வாத்தியார் மேலதான் வருது. பாடத்துல என் கடை போட்டோவைப் போட்டு, கீழ "மாறத் தெரியாததால் வீழ்ந்த கடை"ன்னு எழுதியிருக்கார். வீழவே இல்லியே இன்னும்! நான் உள்ளதான உக்காந்திருக்கேன், போட்டோல என் கை தெரியுது! எப்படித் தெரியுமா எனக்கு? அவ கடையில கூட்டம்னு அந்தப் பாடத்தை என்கிட்டதான் ஜெராக்ஸுக்கு அனுப்பினாங்க. அறுபது காப்பி. அடிச்சுக் குடுத்தேன்.

ஏம்மா, எங்க எந்திரிச்சுட்ட? சூடாயிடுச்சு பாரு... இல்ல, சிவப்பு லைட்டுதான் எரியுது... போன்ல யாரு, உன் ஃப்ரெண்டா? அங்க வரிசையில இடம் புடிச்சிருக்காளா?

...சரி. இந்தா, பென் டிரைவை விட்டுட்டுப் போறியே. ரோட்டைப் பார்த்துக் கடந்து போ.

ஏம்மா! இரு, இரு! அந்தக் குட்டைமுடிகிட்ட சொல்லு, மெஷின்ல பேப்பர் சிக்கிச்சுன்னா மூடியைத் தொறந்து இழுக்கக் கூடாது. இடது பக்கம், கீழ, உள்ளங்கையால ஒரே ஒரு தட்டு. மெதுவா. நான் சொன்னேன்னு சொல்லு!