பதினோராவது வேலை

பழைய காரைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்பானரை எடுப்பார்கள். நான் பென்சிலை எடுப்பேன். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று எழுதிவிட்டால் பாதிக் கார் முடிந்த மாதிரி. அந்தத் தாளைத்தான் நீங்கள் போன வாரம் போலீஸ் விசாரணைக்கு வந்தபோது பார்த்தீர்கள், லெப்டினன்ட். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தீர்கள். இன்னொரு தடவை படிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கார் என் அப்பா ஆன்செல்மோவுடையது. ஐம்பத்து நான்காம் வருஷத்து செவர்லே, மடக்குக் கூரை வைத்தது. சந்தியாகோவின் மேட்டுத் தெருக்களில் அதை வாடகைக்கு ஓட்டித்தான் எங்களை வளர்த்தார். இருபத்திரண்டு வருஷம் அதன் அடியில் படுத்துக் கிடந்தவன் நான். தம்பி ஓஸ்மானிக்குச் சக்கரம் மாற்றக்கூடத் தெரியாது. ஆனாலும் அப்பா சாகிறதுக்கு முன் காரை அவன் பேருக்கு எழுதினார். ஏன் என்று கேட்டேன்.

"உனக்குக் கை இருக்குடா, எவெலியோ. அவனுக்குக் காராவது இருக்கட்டும்" என்றார்.

நியாயமான பேச்சுதான். நானும் தலையாட்டினேன். வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கார் கொட்டகையிலேயே கிடந்து துருப்பிடித்தது. ஓஸ்மானியின் மகள் யனேலாவுக்கு ஜூனில் பதினைந்தாவது பிறந்தநாள். அந்தப் பிறந்தநாளுக்குப் பெண்ணை அலங்கரித்து, திறந்த காரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டாவிட்டால் எங்கள் பக்கம் எந்த அப்பனுக்கும் மனசு ஆறாது. பிப்ரவரியில் ஓஸ்மானி என் பட்டறைக்கு வந்தான். "அண்ணே, உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? அவ பொறந்தநாளுக்குள்ள கார் பளபளன்னு நிக்கணும்" என்றான். அது முடிந்ததும் ஹவானாக்காரர் ஒருவருக்கு விற்றுவிடப் போவதாகவும் சொன்னான், ஏதோ பழைய கட்டிலைத் தள்ளிவிடுகிற மாதிரி.

அன்று சாயங்காலமே பட்டியல் போட்டேன். மொத்தம் பதினான்கு வேலை. முதலாவது துரு சுரண்டுவது. பிறகு அடித்தகடு, கதவுகள், எஞ்சின், வயரிங், இருக்கை என்று போகும். பெயின்ட் எட்டாவது, ஆகாய நீலமும் வெள்ளையும். பிரேக் பதினோராவது. விட்டுவிடவில்லை, கவனியுங்கள். பட்டறை வைத்திருக்கிற எவனும் பிரேக்கை முதலில் எழுதுவான் என்பது வேறு விஷயம். நீங்கள் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர், உங்கள் கண்ணில் அது படாததில் தப்பில்லை.

நான்கு மாதத்தில் பத்து வேலை முடிந்தது. வாழ்க்கையில் அப்படி நான் உழைத்ததே இல்லை. பிறந்தநாளுக்கு முந்தின நாள் ஓஸ்மானி பிரேக்கை மிதித்துப் பார்த்தான். பஞ்சு மாதிரி இறங்கியது. பிரேக் வேலை இன்னும் பாக்கி, பத்து நாள் வேண்டும் என்றேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

பிரேக் எண்ணெய்க்கு எங்கள் ஊரில் எப்போதும் தட்டுப்பாடு. அது கிடைக்காதபோது ஷாம்புவைக் கரைத்து ஊற்றி ஓட்டுவார்கள். சமதரையில் தாங்கும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே போனால் சூடேறி, மிதி அப்படியே தரையோடு போய்விடும்.

"ஷாம்பு ஊத்தினா ஒரு சுத்துக்குத் தாங்குமாண்ணே?" என்று கேட்டான்.

"ஊர்ல பாதிப் பேர் அப்படித்தானே ஓட்டுறாங்க" என்றேன்.

பொய் இல்லை. இறக்கத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஷாம்புவே ஊற்றியாயிற்று. அலமாரியில் ஆணி டப்பாக்களுக்குப் பின்னால், சிநேகிதன் ஒருவன் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த நல்ல பிரேக் எண்ணெய் ஒரு டின்னும் புது ரப்பர்களும் இருந்தன. ராத்திரி உட்கார்ந்தால் காலைக்குள் மாட்டியிருக்கலாம். அவற்றைப் பதினோராவது வேலைக்கென்று வைத்திருந்தேன்.

என்ன நினைத்து இதைச் செய்தாய் என்று கேட்பீர்கள். காலையில் அவன் தனியாக ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பான், எங்காவது முட்டி முன்பக்கம் நசுங்கும், ஹவானாக்காரர் வேண்டாம் என்பார், கார் என் பட்டறைக்கே வந்து சேரும். இப்படித்தான் ஆறு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் காலையில் காரை எடுக்கவில்லை. மத்தியானம் கேக் வெட்டியதும் யனேலா ரோஜா நிற கவுனோடு பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். தெருவே வாசலில் நின்றது. ஓஸ்மானிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"பெரியப்பா, நீங்கதானே செஞ்சீங்க, நீங்களும் ஏறுங்க" என்றாள்.

"கையெல்லாம் கிரீஸ், கண்ணு. சீட்டு கெட்டுடும்" என்றேன்.

"விடும்மா, உங்க பெரியப்பாவுக்குக் காருக்கு அடியில படுக்கத்தான் வரும், மேல உக்கார வராது" என்றான் ஓஸ்மானி. எல்லோரும் சிரித்தார்கள். கார் துறைமுகத்து இறக்கத்தில் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. கொண்டாட்டத்துக்கு அடிக்கிறான் என்று நினைத்துத் தெருவில் எல்லோரும் கை தட்டினார்கள்.

துறைமுகத்துச் சுவரில் மோதி ஓஸ்மானி அங்கேயே போய்விட்டான். யனேலா பிழைத்தாள், இனிமேல் நடக்க முடியாது என்கிறார்கள். தினமும் ஆஸ்பத்திரிக்குப் பால் காபி கொண்டுபோகிறேன். நேற்று என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நல்லவேளை பெரியப்பா, அன்னிக்கு உங்க கையில கிரீஸ் இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கார் இறக்கத்தில் நிற்காது என்று எனக்குத் தெரியும், அந்தப் பெண் ஏறும்போதும் தெரியும். விருந்துக்கென்று காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு, நகக்கண் வரைக்கும் சோப்பு தேய்த்துக் கழுவியிருந்தேன். அவள் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.