லேபிலுக்கு யாரு பொறுப்பு?

— அழுக்கா இருந்துச்சும்மா. அதான் கழுவினேன்.

— லேபைச் சுத்தம் பண்ணுங்கன்னுதான சொன்னேன், துரைக்கண்ணு அண்ணே? பாட்டிலக் கழுவுங்கன்னா சொன்னேன்?

— ஆயுத பூஜைம்மா. தறிக்காரன் தறியத் தொடச்சிப் பொட்டு வெக்கிறான், பஸ்காரன் பஸ்ஸக் கழுவி மாலை போடறான். நம்ம லேபுக்கு ஆயுதம்னா பாட்டிலுங்கதான? வெளிப்பக்கம் பூரா ஏதோ வழிஞ்சி, லேபிலு மஞ்சப் பூத்து, பாக்கவே சகிக்கல. தொட்டித் தண்ணியில ஊறப் போட்டு, தேங்கா நாரு வெச்சித் தேச்சேன். கண்ணாடியாட்டம் மின்னுது பாருங்க.

— மின்னுது. பாதி பாட்டில்ல பேரே இல்லாம மின்னுது. பெரியநாயகி தாயே! எது ஆசிட்டு, எது ஸ்பிரிட்டுன்னு இனிமே நான் எதை வெச்சிச் சொல்லுவேன்?

— அட, பயப்படாதீங்கம்மா. ஒரு லேபிலக்கூட தூக்கிப் போடல. தொட்டியில மெதந்துகினு இருந்தத ஒண்ணொண்ணா எடுத்து, வெயில்ல காய வெச்சி, பசை தடவிப் பாதி ஒட்டிட்டேன். மீதிய இன்னிக்கு ஒட்டிடறேன்.

— ஒட்டிட்டீங்களா? எந்த லேபிலு எந்த பாட்டிலுதுன்னு எப்படித் தெரிஞ்சிது?

— ஒரு அந்தாஜாத்தாம்மா. பெரிய லேபிலு பெரிய பாட்டிலுக்கு, சின்னது சின்னதுக்கு.

— சார்! சிவப்பிரகாசம் சார்! கொஞ்சம் இங்க வாங்க. வந்து இந்தக் கூத்தக் கேளுங்க!

— கேட்டுது, கேட்டுது. ஸ்கூட்டர நிறுத்தறப்பவே தெரு முழுக்கக் கேட்டுது. விஜயதசமியும் அதுவுமா எதுக்கும்மா இந்தக் கத்து கத்தற, சாவித்திரி?

— லேபுல இருக்கற பாட்டிலு எல்லாத்துக்கும் பேரு மாறிப் போச்சு சார். நீங்கதான இங்க இன்சார்ஜ்? என்ன பண்றது, சொல்லுங்க.

— பாரும்மா, முறைன்னு ஒண்ணு இருக்கு. யூனிவர்சிட்டி இந்த வீட்ட வாடகைக்குப் புடிச்சி, பட்டுச் சாய ஆராய்ச்சி நடத்துது. வீடு, கரண்டு, தண்ணி, பூட்டு, சாவி, இதெல்லாம் என் பொறுப்பு. பாட்டிலுக்குள்ள இருக்கறது ஆராய்ச்சி பண்ற உன் பொறுப்பு. பாட்டில எடுத்து வெக்கறது, தொடைக்கறது அட்டெண்டர் பொறுப்பு.

— அப்ப லேபிலு?

— லேபிலா? அத... குறிப்பா யாருக்கும் சொல்லல.

— உள்ள இருக்கறது எனக்கு, வெளிய இருக்கறது இவருக்கு. நடுவுல ஒட்டிகினு இருக்கற காகிதத்துக்கு மட்டும் நாதியில்ல. அப்படித்தான சார்?

— நக்கல் வேணாம். பாதுகாப்புக்குன்னு ப்ரொஃபசர் இருக்காரு.

— அவரு மெட்ராசுல இருக்காரு. பொங்கலுக்கு வந்தாரு. வந்து என்ன பண்ணாரு? வீட்டம்மாவுக்கு ரெண்டு பட்டுப்புடவை எடுத்துகினு பஸ் ஏறினாரு.

— பெரியவங்கள அப்படிப் பேசாத.

— சாரு, அம்மா, ரெண்டு பேரும் கோச்சிக்காதீங்க. இதுக்குப் போயி என்னா பேஜாரு? ஒவ்வொண்ணா மோந்து பாத்தா தெரிஞ்சிடாதா? இதோ, இது...

— ஐயோ, மோந்து பாக்காதீங்கண்ணே! கீழ வெய்யுங்க! மூஞ்சியாண்ட கொண்டு போவாதீங்க!

— வெச்சிட்டேம்மா, வெச்சிட்டேன். இதுக்கா இவ்ளோ பயம்?

— பாத்தீங்களா சார்? எது கண்ணக் கெடுக்கும், எது தீப்புடிக்கும்னு இவருக்கு ஒரு வார்த்த சொல்லிக் குடுத்திருக்கோமா?

— நீ சொல்லியிருக்கணும்.

— நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்.

— நான் ப்ரொஃபசர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். மேலிடத்துல இருந்து ஒரு உத்தரவு வராம நானா எப்படி...

— எமர்ஜென்சி போயி ரெண்டு வருசம் ஆவுது சார். இன்னும் மேலிடத்து உத்தரவுக்குக் கைய கட்டிகினு நிக்கறீங்க.

— எனக்காக நீங்க சண்ட போடாதீங்கம்மா. நானும் யாரையும் கேக்கலியே. லேபிலு இங்கிலீசுல இருக்கு. படிக்கத் தெரியாதுன்னா எளப்பமா நெனைப்பீங்கன்னு வாய மூடிகினு இருந்துட்டேன்.

— யாரு நெனைப்பாங்கண்ணே? சரி, விடுங்க. இந்தப் பலகையில பழுப்பு நிறச் சின்ன பாட்டிலு வரிசையா இருக்குமே. ஒரு எடம் காலியா இருக்கு. அது எங்க? ஒடைச்சிட்டீங்களா?

— அய்ய, ஒடைக்கலம்மா. நேத்து பூஜைக்கு மாணிக்கவேல் வந்திருந்தாரில்ல? சாயப்பட்டறைக்காரரு? அவரு கெளம்பறப்ப...

— நான்தான் குடுத்து அனுப்பினேன், சாவித்திரி. சாயத்துக்கு அசிட்டிக் ஆசிட் எங்கயும் கெடைக்கலன்னு பொலம்பினாரு. நம்ம ஆராய்ச்சிக்கு எத்தனையோ தடவ சும்மாவே பட்டுநூல் குடுத்த மனுசன். நல்ல நாள்ல வெறும் பொரி கடலையோட அனுப்ப மனசு வரல.

— என்னன்னு பாத்துக் குடுத்தீங்க சார்?

— லேபிலத்தான். அசிட்டிக் ஆசிட்னு தெளிவா...

— எந்த லேபிலு சார்?

— எந்த லேபிலுன்னா... அடக் கடவுளே.

— தொறந்து பாத்தீங்களா? மூக்கத் தொளைக்கற மாதிரி வாசனை வந்துச்சா?

— மூடி இறுக்கமா இருந்துச்சு. அப்படியே குடுத்துட்டேன். பழுப்பு பாட்டில்ல உள்ள என்ன தெரியும்?

— அது சல்ஃப்யூரிக்கா இருந்தா? அங்க சாயத்துக்கு ஆசிட் ஊத்தறது அவரு சம்சாரம் ரங்கம்மா அக்கா. கொதிக்கற தொட்டி மேல குனிஞ்சிதான் ஊத்தும். பொங்கி மூஞ்சியில அடிச்சா கண்ணே போயிடும் சார்! நேத்தே ஊத்தியிருந்தா?

— நேத்து இருக்காதும்மா. ஆயுத பூஜை அன்னிக்கு எந்தப் பட்டறையிலயும் அடுப்பு மூட்ட மாட்டாங்க. சாமானெல்லாம் சாமி முன்னாடிதான் இருக்கும்.

— அப்ப இன்னிக்கு?

— இன்னிக்குத்தாம்மா மொதச் சாயம். நல்ல நேரம் பாத்து மூட்டுவாங்க.

— கேட்டீங்களா சார்? கெளம்புங்க, ஸ்கூட்டர எடுங்க!

— இரும்மா. பதறாத. முறைன்னு ஒண்ணு இருக்கு. மொதல்ல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போயி ப்ரொஃபசருக்கு ட்ரங்க் கால் போடணும்.

— ட்ரங்க் காலா?

— நாமளே போயி தப்பா குடுத்துட்டோம்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு விசாரணை வரும். யாரு குடுத்தான்னு கேள்வி வரும். எனக்கு ரிட்டயராக ஒரு வருசம்தான் பாக்கி. பென்ஷன்ல கை வெச்சிட்டா என் பொண்ணு கல்யாணத்த யாரு நடத்தறது? நான் எக்ஸ்சேஞ்சுக்குப் போறேன். நீங்க எதையும் தொடாதீங்க.

— அங்க ஒரு பொம்பளையோட கண்ணு சார்! மெட்ராசு லைன் கெடைக்கறதுக்குள்ள... சார்! போயிட்டாரே. ஸ்கூட்டர எடுத்துகினு போயே போயிட்டாரே. மனுசனாண்ணே இவரு?

— கோவத்துல சொல்லாதீங்கம்மா. அவரு கஷ்டம் அவருக்கு.

— சைக்கிள் இருக்குல்ல? ஜல்தியா மாணிக்கவேல் வீட்டுக்குப் போங்க. அடுப்பு மூட்ட வேணாம், பாட்டிலத் தொறக்க வேணாம், சாவித்திரி வந்து விவரம் சொல்லுவான்னு மட்டும் சொல்லுங்க.

— என் தப்புதான்னு சொல்லிடறேம்மா.

— வாயத் தொறக்கக் கூடாது! அடுத்த மாசம் உங்க வேல பர்மனென்ட் ஆவணும். மூணு பொட்டப் புள்ளைங்கள வெச்சிகினு இருக்கீங்க. யாரு ஒட்டினா, எப்படி மாறிச்சு, ஒரு வார்த்த வரக் கூடாது. மெயின் சுவிட்ச அணைச்சி, கதவப் பூட்டிகினு பின்னாடியே வரேன். நான் பாத்துக்கறேன்.

— நீங்க என்னான்னு சொல்லுவீங்க?

— எதையோ சொல்லிக்கறேன். மொதல்ல கெளம்புங்கண்ணே!

*

— ரங்கம்மா அக்கா! அக்கா! அடுப்பு மூட்டலியே?

— மெதுவா, மெதுவா. வாசப்படி தடுக்கும். அணைச்சாச்சி. ஒக்காரும்மா சாவித்திரி. இப்படியா ஓடியாருவ? மோரு கொண்டாரட்டுமா?

— ஒண்ணும் வாணாங்க்கா. உங்க கண்ணு, கையி எல்லாம் நல்லா இருக்குல்ல?

— எனக்கு என்னா? குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்.

— பெரியநாயகி காப்பாத்தினா. அக்கா, நேத்து உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பினது அசிட்டிக் ஆசிட்டே இல்லாம இருக்கலாம். லேபிலு மாறிடுச்சி. நான்தாங்க்கா மாத்தி ஒட்டிட்டேன். வேற யார் மேலயும் தப்பில்ல. மாணிக்கவேல் அண்ணன் யூனிவர்சிட்டிக்கு எழுதறதா இருந்தா, என் பேர எழுதச் சொல்லுங்க.

— நீதான் ஒட்டினியா?

— ஆமாங்க்கா.

— அப்பறம் எதுக்கும்மா உங்க அட்டெண்டரு இதே எடத்துல நின்னுகினு அழுதாரு? அந்தம்மா சொல்லக் கூடாதுன்னாங்க, மனசு கேக்கல, ஒட்டினவன் நான்தான்னு அவரு சொல்றாரு. ஒரு சின்ன பாட்டிலு. அதுக்கு எத்தினி பேரும்மா தப்பு பண்ணுவீங்க?

— சொல்லிட்டாரா? அத்தன தூரம் படிச்சிப் படிச்சிச் சொன்னேனே! சரிக்கா, அந்த பாட்டிலக் குடுங்க. மொதல்ல அத எடுத்துகினு போறேன்.

— அது இங்க இல்லியே.

— இல்லியா? துரைக்கண்ணு எடுத்துகினு போனாரா?

— அவரு வரப்பவே இல்லியே. அவருக்கு முன்னாடியே ஒருத்தரு வந்துட்டாரும்மா. தொட்டி கொதிச்சிகினு இருந்துச்சி. நான் மூடியத் திருகிகினு இருந்தேன். ஓடியாந்து என் கையிலருந்து பாட்டில வாங்கினவரு, அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்சிட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சாரு.

— யாருக்கா அது?

— உங்க சாருதாம்மா. ஸ்கூட்டர ஸ்டாண்டுகூட போடாம செவுத்துல சாச்சிட்டு வந்தாரு. "அந்தப் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது, எழுதறதா இருந்தா என் பேர மட்டும் எழுதுங்க"ன்னு கும்புட்டுட்டுப் போறாரு.